மெஹருன்னிசா திரும்பப் பெற்ற எண்

செய்தியைச் சொன்னவர் எங்கள் பழைய ஜீப் ஓட்டுநர் முனுசாமி. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்த முனையில் நின்றுதான் போனை எடுத்தேன். “மேடம், நம்ப மெகரு மேடம் பூட்டாங்க. காலைலயே. கோவளத்து வூட்லதான் வெச்சிகிறாங்கோ, சீக்கிரமா வந்துடுங்க” என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். முந்தின வாரம்தான் போனில் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் பாதியில் வைத்திருந்தாள். அவளே கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். ஒரு சண்டையை முடித்து வைக்காமல் கிளம்பிப் போவது எந்த ஊர் நியாயம்?

இன்னும் ஒரு ஆள் ஏறாமல் நகர மாட்டேன் என்று ஆட்டோக்காரன் அடம்பிடித்தான். நான் கோவளம் போய்ச் சேர்ந்தபோது மய்யத்தை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் கபர்ஸ்தானுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மொகத்தப் பாத்திருக்கலாம், காந்திக்கா” என்றாள். நான் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

நம் ஓய்வூதியர் இதழுக்கான இந்த அஞ்சலியில் ‘அவர்’ என்று எழுத வேண்டுமாம். என்னால் முடியாது. ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வாடி, போடி என்று பேசிப் பழகிவிட்டோம். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக இந்தக் கடற்கரைக்கு வந்தவள். என் பெயர் காந்திமதி. அவள் கோவளத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இருவரும் வேதியியல் படித்தவர்கள், ஒரே மாதத்தில் வேலையில் சேர்ந்தவர்கள். நான் பேசினால் அவள் சிரிப்பாள், அவள் பேசினால் நான் சிரிப்பேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுவை நம் நாடு எவ்வளவு காற்றில் விடுகிறது என்று உலக நாடுகளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் வந்த ஏற்பாடு அது. ஒவ்வொரு புகைபோக்கியிலும் வயலிலும் போய் யாரும் அளக்க முடியாது. அதனால் எல்லாமே பெருக்கல்தான். இத்தனை டன் நிலக்கரி எரிந்தது, டன்னுக்கு இவ்வளவு வாயு. இத்தனை ஏக்கரில் நெல், ஏக்கருக்கு இவ்வளவு மீத்தேன். ஏக்கர் கணக்கு வருவாய்த் துறையில் கிடைத்துவிடும். ‘இவ்வளவு’ என்ற அந்த எண்தான் பிரச்சினை. நாமே அளந்த எண் இல்லையென்றால் வழிகாட்டிப் புத்தகத்தில் பொதுவாகக் கொடுத்திருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். அது எந்த நாட்டுச் சேற்றில் பிறந்த எண்ணோ!

வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மீத்தேன் அதிகம் வரும். நடுவில் காய்ந்தால் வெகுவாகக் குறையும். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிப் பாசனம், முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். ஒருவர் வயல் நனையும்போது இன்னொருவர் வயல் வெடித்துக் கிடக்கும். அந்தக் குறைந்த அளவு நாட்டின் கணக்கில் ஏற வேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. எனக்கு அது ஒரு திட்டம். மெஹருக்கு அது வழக்கு. “பெருக்கறது யார் வேணா பெருக்குவாங்க. எதைப் பெருக்கறோம்னு எவனாவது பாக்கறானா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அளக்கும் முறை எளிது. நாற்றுக்கு மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி போன்ற கூண்டைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். திருக்கழுக்குன்றத்து மருந்துக்கடைக்காரர் ஊசிகளை எண்ணி எண்ணிக் கொடுத்தபடி, “எந்த ஊர்ல மேடம் கேம்ப்?” என்று கேட்டார். முதல் நாள் வரப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, “அடியே, இங்க வந்து பாருங்கடி, பயிருக்கு ஊசி போட்டுக்கினு கீறாங்கோ!” என்று கூவினார். அன்று கூடிய கூட்டத்தில் மெஹர் சிரித்த சிரிப்பில் பெட்டியே சாய்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று, நான்தான் கத்தினேன்.

ஒரு சம்பாப் பருவத்தில் கதிர் வரும்வரை அளந்து கணக்குப் போட்டோம். வந்த எண் புத்தகத்து எண்ணோடு கிட்டத்தட்ட ஒத்துப்போயிற்று. திட்டத் தலைவருக்கு வாயெல்லாம் பல். டெல்லிக்கு அனுப்பியாயிற்று. மெஹர் மட்டும் உம்மென்று இருந்தாள். “ஒத்துப்போவுதுன்னுதான்டி எனக்கு பயமா கீது. முறைத் தண்ணி பாயுற வயலு எப்படி அந்தப் புத்தகத்தோட ஒத்துப்போவும்?” என்றாள். உனக்கு நல்லது நடந்தாலே ஆகாது என்று நான் சொன்னேன்.

அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது, கடைசிச் சில அளவுகள் பாக்கி. மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, கணவரின் ஸ்கூட்டரில் பட்டுப்புடவையோடு திரும்பிக்கொண்டிருந்தவள், எங்கள் வயலை எட்டிப் பார்க்க இறங்கியிருக்கிறாள். நாங்கள் போகும் நாள் அல்ல அது. எங்கள் கூண்டு இருந்த வயலின் சொந்தக்காரர் எத்திராஜு, பக்கத்து வயலுக்குப் போக வேண்டிய வாய்க்காலை அடைத்துத் தன் வயலுக்கு வெட்டி விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்காரரும் மண்வெட்டியோடு நின்று உதவி செய்துகொண்டிருந்தார். அவருடைய பயிர் தலை தொங்கிக் கிடந்தது.

“இன்னா எத்திராஜு, இது அவரு முறையாச்சே?” என்று மெஹர் கேட்டிருக்கிறாள்.

“ஆமாம் மேடம். நீங்க பொட்டி வெச்ச நாள்லேர்ந்து இந்தத் துண்டுக்கு மட்டும் தண்ணி கொறைய உடக் கூடாதுன்னு ஊர்ல பேசிக்கினோம். நீர்கட்டியும் ஒத்துக்கினாரு. கவுருமெண்டு ஆளுங்க வர்ற நேரத்துல வயலு வெடிச்சி கீதுன்னா ஊருக்கு நல்லாவா கீது? இன்னா நெனப்பீங்கோ?”

அவ்வளவுதான் விஷயம். மதகைத் திறந்து மூடும் நீர்கட்டி முதல் பக்கத்து வயல்காரர் வரை ஊரே சேர்ந்து எங்களுக்கு மரியாதை செய்திருந்தது. பக்கத்து வயல்கள் காய்ந்ததை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர்கள் முறை வரவில்லை போல என்று நினைத்தோம். படித்த முட்டாள்கள், வேறென்ன சொல்ல.

மறுநாள் அலுவலகத்தில் பெரிய ரகளை. அனுப்பிய எண்ணைத் திரும்பப் பெற வேண்டும் என்று மெஹர் ஒற்றைக்காலில் நின்றாள். தலைவர் கெஞ்சினார். நான் கெஞ்சவில்லை, திட்டினேன். “உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? அந்த வயலில் அவ்வளவு வந்தது உண்மைதானே? ஒரு அடிக்குறிப்புப் போட்டு விட்டுவிடு” என்றேன். “அடிக்குறிப்பை எவன்டி படிப்பான்? அது எத்திராஜு நமக்குச் செஞ்ச மரியாதையோட அளவு. வயலோட அளவு இல்ல. நாளைக்கு எவனாவது வந்து, உன் வயலாலதான்டா உலகம் சூடாவுதுன்னு அந்தாளு கிட்ட சொல்லுவான். அப்ப நீ போய் அடிக்குறிப்பைக் காட்டுவியா?” என்றாள். எண்ணைத் திரும்பப் பெற்றோம். நான் சொன்னதே நடைமுறைக்குச் சரி என்று இன்றும் நினைக்கிறேன். அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அடுத்த நவரைப் பருவத்தில் மறுபடி தொடங்கினோம். எங்களுக்காக ஒன்றும் செய்யாதீர்கள் என்று ஊரில் கேட்டுக்கொண்டோம். தலையாட்டிவிட்டு அதே மரியாதையைச் செய்தார்கள். மெஹர் யோசித்து ஒரு வழி பண்ணினாள். பழைய பிளாஸ்டிக் பீப்பாய்களை வளையம் வளையமாக வெட்டி வாங்கி, கூண்டு உட்காருவதற்காக அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு வயல் விடாமல் எல்லாவற்றிலும் புதைத்தாள். எதன் மேல் கூண்டைக் கவிழ்ப்போம் என்பது எங்களுக்கே தெரியாது. போன பிறகு முனுசாமி கண்ணை மூடிச் சீட்டு எடுப்பார். எல்லோருக்கும் மரியாதை செய்யுமளவுக்கு ஏரியில் தண்ணீர் இல்லை. “இன்னா மேடம், எங்கள நம்பலியா?” என்று எத்திராஜு முகம் சுண்டிப்போய்க் கேட்டார். மெஹர் அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து, “உன்ன நம்பாம இல்லப்பா. நீ ரொம்ப நல்லவனா கீற. அதான் பேஜாரு” என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

அந்தப் பருவத்து எண் சரியாக வந்தது. புத்தகத்து எண்ணைவிட மிகக் குறைவு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அனுப்பினோம். காலம் கடந்து வந்ததால் அடுத்த அறிக்கைச் சுற்றில் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. சரி, காத்திருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த அடுத்த சுற்றும் வந்தது. எங்கள் எண் அதில் இல்லை. மெஹர் டெல்லிக்குப் போன் போட்டுக் கேட்டாள். ஒரே இடத்திலிருந்து இரண்டு பருவத்துக்கு இரண்டு வேறு எண்கள் வந்திருக்கின்றன, அதில் ஒன்றை அனுப்பியவர்களே திரும்பப் பெற்றிருக்கிறார்கள், ஆகவே இந்த இடத்து அளவை நம்பகமானதாகக் கொள்ள முடியவில்லை என்றார்களாம். தப்பை மறைத்திருந்தால் நம்பியிருப்பார்கள். ஒத்துக்கொண்டோம், நம்பவில்லை.

அவள் விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் யார் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள். போவதற்கு முந்தின வாரம் போனில், புதுச் சுற்று தொடங்கிவிட்டது, வா, இன்னொரு பருவம் நாமே அளந்து கொடுப்போம் என்றாள். நமக்கு வயதாகிவிட்டது, உனக்கு இருதயம் சரியில்லை, சேற்றில் இறங்கினால் யார் தூக்குவது என்று கேட்டேன். “நீதான் தூக்கணும். வேற இன்னாத்துக்கு உன்ன கூப்புடறேன்?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதுதான் நான் முதலில் சொன்ன சண்டை.

பழைய அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். இனிமையானவர், எல்லோரிடமும் அனுசரித்துப் போனவர், நாட்டின் அறிக்கைக்குப் பெரும் பங்களித்தவர் என்றெல்லாம் பேசினார்கள். பொறுக்க முடியாமல் எழுந்தேன். “அவள் யாரிடமும் அனுசரித்துப் போனதில்லை. அவள் கொடுத்த எண்ணை நீங்கள் யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை” என்றேன். பின்வரிசையிலிருந்து யாரோ, “மேடம், இன்னிக்கு வேணாமே” என்றார். என்றைக்கு வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அவளிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதி முடிக்க வேண்டும். பொறுமை என்றால் பொய், அவளுக்கே அது கிடையாது. என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். இப்போது இந்த வேலைக்குப் பொறுப்பாக இருப்பவர் என்னைச் சமாதானப்படுத்துவதற்காகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புதுச் சுற்றுக்கான நெல் வயல் அளவுகள் அருமையாக வந்திருப்பதாகவும், புத்தகத்து எண்ணோடு அப்படியே ஒத்துப்போவதாகவும் சொன்னார். எந்த வயலில் அளக்கிறீர்கள் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம எப்படி மேடம்? நடவு அன்னிக்கே போர்டு வெச்சுடறோம். ரொம்ப ஒத்துழைப்பு குடுக்கறாங்க. நாங்க எப்ப போனாலும் வயல்ல தண்ணி தளதளன்னு நிக்குது” என்றார், முகமெல்லாம் மலர.

எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டேன். கடப்பாக்கத்துக்கு மேற்கே. முனுசாமியிடம் பேசிவிட்டேன், பக்கத்து வயல்களைப் பார்க்க இந்த வாரமே போகிறோம். ஊரிலும் சொல்லவில்லை, போர்டு வைத்தவர்களிடமும் சொல்லவில்லை.