பாதி வழியில் ஒரு கல்

என் கணவர், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். பக்கத்து அடுப்பில் நின்றவர் ஓர் ஆர்மேனியர். அவருடைய ஊருக்கு மேலே, மலையுச்சியில், கிறிஸ்துவுக்கு முந்திய உரார்ட்டு அரசர்களின் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. பகைவர் வைத்த தீயில் கருகிய தானியம் தாழிகளுக்குள் அப்படியே இருந்ததாம். இதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கோட்டையின் வரைபடத்தை நூலகத்தில் அச்செடுத்து வந்து மேசையில் வைப்பார். நான் அதன்மேல் வடையைப் போட்டு எண்ணெய் வடியவிடுவேன்.

ஓய்வு பெற்றதும் ஆர்மேனியா போவோம் என்றார். இடிந்த சுவர்களை யாழ்ப்பாணத்திலேயே போதுமான அளவு பார்த்துவிட்டேன். அதை நேரே சொல்லியிருக்கலாம். சொன்னால் விடிய விடியக் கதைப்பார் என்று பயந்து, "என்ரை முழங்காலோடை மலை ஏறேலாது" என்று முடித்துவிட்டேன்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அந்த வருடம் இந்த நகரின் ஓரம் டொலார்ட்டில் உள்ள முருகன் கோயில் தேருக்குப் பின்னால் வெறுங்காலுடன் முழுச் சுற்றும் நடந்தேன். திரும்பிப் பார்த்தால், இவர் மடக்குக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறார். ஆட்கள் பார்க்கிறார்கள், கொண்டுபோய்க் காரில் வையுங்கோ என்று சினந்தேன். அவர் வைக்கவில்லை.

தனியே போய்வாருங்கோ என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"பேந்து பாப்பம். உமக்குச் சுகம் வரட்டும்."

போன பனிக்காலத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

இந்தக் கோடையில் ஆர்மேனியர் ஊருக்குப் போய்வந்து, என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். கைபேசியில் படங்கள் காட்டினார். இடுப்பளவு சுவர்கள், இடையில் புல், மேயும் ஆடுகள். இதற்காகவா அந்த மனிதர் அப்படி ஏங்கினார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு படத்தில் மட்டும் கோட்டையே இல்லை. ஏறுகிற பாதையின் ஓரம் தட்டையாக ஒரு கல். இதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். தான் ஊருக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் என் கணவர் ஒன்றைத்தான் கேட்பாராம்: ஏறும் வழியில் மனுசி இருந்து ஆற ஏதாவது இடம் இருக்கிறதா? இந்த முறை போனபோது ஆர்மேனியர் தேடிப் பிடித்த இடம் இது. நல்ல நிழலும் உண்டாம்.

என் பொய்க்கு என் கணவர் அவ்வளவு தூரத்தில் ஓர் இருக்கை தேடியிருக்கிறார்.

இப்போது முழங்கால் எப்படி என்று ஆர்மேனியர் கேட்டார்.

இன்னும் நோகிறது என்றேன்.