சுவரில் மாட்டிய தடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதிவிடுவேன், சிலது மறந்தும் போகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுத வந்தது, இப்போது என் கதவோரம் சாத்தியிருக்கும் இந்தப் பூவரசந்தடியைப் பற்றி. கைப்பிடிக்குக் கீழே இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஊன்றும்போது என் கட்டைவிரல் தானாக அதில் போய் விழும். விழுந்ததும் வெடுக்கென்று எடுத்துவிடுவேன்.

தடி என் வீட்டுக்காரரின் அக்காவுடையது. அண்ணி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இந்தத் தடியை ஊன்றிக்கொண்டு ஆடு மேய்ப்பாள், கடலைக்காய் பிடுங்கப் போவாள், ஏரிக்கரை முழுக்கச் சுற்றுவாள். ஆண்டவரை அவள், பெற்ற அப்பனைக் கூப்பிடுவது போல, ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவாள். முழங்கால் போட்டு ஜெபிக்க அவளால் ஆகாது. நடந்துகொண்டே பேசுவாள். “இன்னா நைனா, வெயிலு இந்தக் காய் காயுது, கொஞ்சம் மேகத்த இஸ்த்து வுடேன்” என்பாள். கேட்கிறவர்களுக்குப் பக்கத்தில் யாரோ கூட நடக்கிறார்கள் என்றே தோன்றும்.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். கடலை பிடுங்கிய கொல்லையில் பந்தல் போட்டு சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் அண்ணியை மேடைக்கு ஏற்றினார். சூம்பிய காலில் எண்ணெய் தடவி, மைக்கில் கத்தி ஜெபித்து, தடியைப் பிடுங்கிக்கொண்டார். ஆளுக்கொரு பக்கம் கக்கத்தில் கைகொடுத்து இரண்டு பேர் அவளை நடத்தினார்கள். ஜனங்கள் அல்லேலூயா என்று அழுதார்கள், நானும் அழுதேன். அழுத கண்ணோடுதான் அதைப் பார்த்தேன். அவள் காலைத் தொட்ட கையை அந்த மனுஷர் மேடைக்குப் பின்னால் போய்க் கைக்குட்டையால் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்துவிட்டு, கைக்குட்டையை வேலியில் வீசிவிட்டார்.

அவ்வப்போது வந்து நடத்திய எங்கள் ஜெபக்கூடத்தில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சுகம் பெற்றவர்கள் விட்டுவிட்ட சாமான்களைச் சுவரில் மாட்டுவது. கழற்றிய தாயத்து, மருந்து பாட்டில், மூக்குக்கண்ணாடி எல்லாம் அங்கே தொங்கும். சாட்சிச் சுவர் என்று அதற்குப் பேர். தடிக்கு ஓட்டை போட்டுக் கம்பி கோத்து நடுவில் மாட்டினார்கள். மாட்டியதைத் திரும்பக் கேட்டால் அவிசுவாசம்.

மேடையை விட்டு இறக்கிக் கையை எடுத்ததும் அண்ணியின் கால் பழையபடிதான் இருந்தது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள், வெளியே தவழ்ந்தாள். வேறு கொம்பு வெட்டித் தருகிறேன் என்று அவள் தம்பி, என் வீட்டுக்காரர், சொன்னதற்கும் ஒப்பவில்லை. மழைக்காலத்தில் சேற்றில் தவழ்ந்து முழங்கால் புண்ணாகிச் சீழ் வைத்தது. ஆடுகளை விற்கும்படி ஆயிற்று. “போய்த் தடியக் கேப்போம் அண்ணி” என்றேன்.

“வோணாம்மே. கேட்டா நைனாவுக்குக் கெட்ட பேரு. நாலு பேரு சிரிப்பான்.”

இதுதான் அவளைக் கட்டிப்போட்டது. தன் முழங்கால் தேய்ந்தாலும் சரி, அவர் பேர் கெடக்கூடாது.

ஊழியக்காரர் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒருமுறை கோழி அடித்தோம். அண்ணி தரையில் காலை இழுத்துக்கொண்டு வந்து அம்மியில் மசாலா அரைத்தாள். அவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, “சகோதரி சுகமா கீறாங்களா?” என்று என்னைக் கேட்டார். எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் அவள் இருந்தாள். அவர் பார்க்கவில்லை. அந்த உறிஞ்சுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, சீ.

பிறகு ஒரு உபவாசக் கூட்டத்துக்குப் பட்டணத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சுவரைக் காட்டிவிட்டு, “நம்ம சகோதரி இப்போ நடந்து வந்து சாட்சி சொல்லுவாங்க” என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, பாய்மேல் தவழ்ந்தே முன்னால் போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் அசிங்கம் பட்டுவிடும் என்பது போலக் காலை மடக்கிக்கொண்டார்கள். சுவரடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

“ஐயா, என் தடிய எடுத்துக் குடுங்க. ராவெல்லாம் நைனாகிட்ட கேட்டுட்டேன். எனக்கின்னா கெட்ட பேரு, நீ போய் வாங்கிக்கோன்னார்.”

“சகோதரி, விசுவாசம் கொறஞ்சுபோச்சா?”

“விசுவாசம் கீது ஐயா. காலுதான் இல்ல.”

அந்தக் கூடத்தில் அதுவரை நான் பாட்டுக்குக்கூட வாய் திறந்தவளில்லை. எப்படி எழுந்தேனோ, போய்க் கம்பியை முறுக்கி அவிழ்த்துத் தடியைக் கையில் கொடுத்தேன். ஊன்றி எழுந்து நின்றாள். “தோத்திரம் நைனா” என்று அவள் சொன்னதற்கு ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சபையார் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் கவலைப்படவில்லை. ஏரிக்கரையில் நடந்துகொண்டு பழையபடி பேசினாள். சாகிற வரைக்கும் பேசினாள்.

போன மாதம் சபையின் ஆண்டுவிழாவுக்கு இந்தத் தடியை ஊன்றிக்கொண்டுதான் போயிருந்தேன். புதிதாக வந்த ஊழியக்காரப் பிள்ளை பழைய அற்புதங்களைச் சொன்னார். இந்த ஊரில் ஒரு நொண்டிப் பெண்ணுக்கு வலது கால் சுகமாகி, தடியை வீசிவிட்டு ஓடினாளாம். எல்லாரும் கை தட்டினார்கள். என் கட்டைவிரல் ஓட்டையில் இருந்தது.

நான் எழுதியதில் வருஷம் தப்பாக இருக்கலாம். ஊழியக்காரர் எந்த மாதம் வந்தார் என்பதும் நிச்சயமில்லை. அந்தக் கூட்டத்துக்குப் போனவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் படித்துப் பார்த்துத் திருத்துங்கள். காலை மட்டும் திருத்தாதீர்கள். அது இடது கால். கடைசி வரைக்கும் சரியாகவில்லை.