பெரும்புள்ளியும் ஆறாம் ரீலும்

என் அண்ணனுக்குத் தியேட்டரில் வைத்த பெயர் பெரும்புள்ளி. பெரிய வசதிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இருப்பதே நாலு சட்டை, நாலிலும் எண்ணெய்க் கறை. படம் ஓட்டுகிற ஆபரேட்டர். ஒரு படம் ஏழெட்டு ரீலாகத் தகர டப்பாக்களில் வரும். ஒரு ரீல் முடியப்போகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண்மூடித் திறப்பதற்குள் வந்துபோகும். உடனே பக்கத்து மெஷினை ஓடவிட வேண்டும். இரண்டாவது புள்ளி வந்ததும் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். தவறினால் திரை வெள்ளையாகும், கீழே விசில் கூரையைப் பிய்க்கும். இருபத்தெட்டு வருடத்தில் என் அண்ணன் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிட்டதில்லை.

புள்ளியைத் தவிர வேறெதையும் பார்த்ததுமில்லை. "படம் எப்படிண்ணா?" என்று கேட்டால், "பிரிண்ட் நல்லா இருக்கு, புள்ளி பளிச்சுன்னு விழுது" என்பார். கொலை செய்தது யார் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். "கொலை வேற நடக்குதா அதுல?" என்று கேட்ட மனுஷன் அவர்.

நான் அதே தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவள். அண்ணன் சொன்னதால் முதலாளி கொடுத்த வேலை. எனக்கு நேரெதிர் குணம். கவுண்டரைச் சாத்தியதும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அதிலும் வேற்றுக்கிரகத்து ஆட்கள் வந்து மனுஷனைத் தூக்கிக்கொண்டு போகிற படமென்றால் சோறு தண்ணி வேண்டாம். வானத்தில் வெளிச்சம் வரும், ரோட்டில் வண்டி நின்றுபோகும், போனவன் மூன்று நாள் கழித்துத் திரும்பி வருவான். வந்தது அவன்தானா என்பதுதான் கேள்வி. திருப்பம் எங்கே வரும் என்று இடைவேளைக்குள் சொல்லிவிடுவேன். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்கு அவ்வளவு திமிர்.

அண்ணனுக்கும் எனக்கும் இரண்டு வருடமாகச் சரியில்லை. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். பிறகு தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார். மதியம் நாங்கள் இருவரும் மாடியில் மெஷின் அறையை ஒட்டிய சின்ன அறையில் சாப்பிடுவோம். நான் எதிரே உட்கார்ந்திருக்க, இவர் கதவைப் பார்த்துக்கொண்டு பேசுவார். "வெயில் ஜாஸ்தி இல்ல?" என்று கதவைக் கேட்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கதவோடு பேசுகிறவருக்கு நான் எதற்கு என்று என் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். பல மாதம் அப்படித்தான் சாப்பிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை புதுப் படம். லாரி ஓட்டுகிற ஒருவனை நடுரோட்டில் வெளிச்சம் தூக்கிக்கொண்டு போகிற கதை. முதலாளி படம் கொடுத்தவர்களை மாடிக்கு அழைத்துவரப் போவதாகச் சொன்னார். மெஷின் அறை கிடக்கிற கிடையைப் பார்த்தால் யாரும் வாசலோடு திரும்பிவிடுவார்கள். எனக்குக் கை சும்மா இராது. அண்ணன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் ஏறிப்போய்ப் பெருக்கித் துடைத்தேன். ரீல் டப்பாக்களின் கைப்பிடியில் அழுக்கு நூல்கள் முடிச்சு முடிச்சாகத் தொங்கின. எவன் கட்டிய கந்தல் என்று பிளேடால் அறுத்துக் குப்பையில் போட்டேன். ஏழு டப்பாக்களையும் பளபளவென்று துடைத்து நம்பர் வரிசையில் அடுக்கினேன். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் மட்டும் பழைய பசை ஒட்டியிருந்தது. அவற்றை ஈரத்துணியால் தேய்த்து ஜன்னல் ஓரத்தில் காயவைத்துவிட்டு இறங்கிவந்தேன்.

பகல் காட்சிக்கு நல்ல கூட்டம். நான் கடைசி வரிசையில். லாரிக்காரன் திரும்பி வருகிறான். அவன் மனைவிக்கு அவன்மேல் சந்தேகம். இவன் என் புருஷன் இல்லை என்கிறாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, மாறியது அவன் இல்லை, அவள்தான். ஆனால் அது கடைசியில்தானே வர வேண்டும்? ஐந்தாவது ரீல் ஆரம்பித்த உடனேயே அவள் கண்ணாடி முன்னால் நின்று, தாடைக்குக் கீழே விரலை விட்டு, தன் முகத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாள். தியேட்டரே ஒரு நொடி மூச்சை நிறுத்தியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு சீக்கிரம் இதைக் காட்டிவிட்டு மிச்சப் படத்தில் என்ன செய்யப்போகிறார்கள்?

அப்போதுதான் கவனித்தேன். லாரிக்காரன் வலது கையில் கட்டுப் போட்டிருந்தான். எப்போது அடிபட்டது என்று யோசித்தேன், நினைவில்லை. அடுத்த ரீலில் கட்டைக் காணோம். இருவரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவன் அவளை வெகுநேரம் பார்க்கிறான், ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பரிமாறுகிறான், போர்த்திவிடுகிறான். பிறகு கண்ணாடி டம்ளர் உடைந்து அவன் கையில் கிழிக்கிறது. கட்டு முதலில், காயம் பிறகு. ரீல் மாறிப்போய்விட்டது. என் அண்ணன், இருபத்தெட்டு வருடம் விசில் வாங்காத பெரும்புள்ளி, ஆறாம் ரீலை ஐந்தாவதாக ஓட்டிவிட்டார்.

விசிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு முன் வரிசையில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவனுக்குத் தெரியும். அவ யாருன்னு தெரிஞ்சேதான் வெளிய சொல்லாம வச்சுக் குடும்பம் நடத்துறான்," என்று பக்கத்தில் ஒருவர் தன் மனைவியிடம் தழுதழுத்தார். "அந்தக் கையில கட்டு?" என்று மனைவி கேட்டதற்கு, "அது அவங்க காலத்தைத் திருப்பிட்டாங்க, அதுகூடப் புரியலையா உனக்கு?" என்றார்.

நான் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி ஏறினேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் ஏறினேன். கதவைத் திறந்தால் அண்ணன் திரும்பினார். மெஷின் கடகடவென்று இரைகிற அறை அது, காலடிச் சத்தம் கேட்காது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துவிட்டு, "யாரு, முதலாளியா?" என்றார்.

முதலாளி ஆறடி உயரம், மீசைக்காரர். நான் அவர் தோளுக்கும் வரமாட்டேன்.

"யாருங்க?" என்றார் மறுபடி. குரலில் பயம் இருந்தது.

கீழே கிடந்த ஒரு டப்பாவின் மூடியை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். கையளவு எண் எழுதிய மூடி. "இது என்ன நம்பர்ணா?"

என் குரலைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. மூடியை வாங்கி விரலால் தடவினார். பிறகு, "நூலை யாரு பாப்பா எடுத்தது?" என்றார்.

அப்போது எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. நூல். குப்பையில் போட்ட நூல். ஒரு முடிச்சென்றால் முதல் ரீல், இரண்டு முடிச்சென்றால் இரண்டாம் ரீல். "அடுக்கியிருந்த வரிசையிலயே எடுத்துப் போட்டேன். ஏழாவது எப்பவும் சின்னது, தூக்கினாலே தெரிஞ்சிடும். ஜன்னல்ல இருந்த ரெண்டுலதான் எது முன்ன, எது பின்னன்னு தெரியல. யாரைக் கேக்கறது?" என்றார். தரையையோ சுவரையோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அவ்வளவு நேரமும் தலையைச் சாய்த்துத் திரையின் மூலையில் ஒரு கண் வைத்திருந்தவர், சட்டென்று எழுந்து மெஷினை மாற்றினார். புள்ளி தவறவில்லை.

"அது மட்டும் எப்படித் தெரியுது?"

"ஓரத்துல இருக்கிறது தெரியும். நடுவுலதான் தெரியாது. முதல்ல மெஷின்ல கோளாறுன்னு நினைச்சேன். படத்துக்கு நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸைக் கழட்டிக் கழட்டித் துடைச்சேன். அப்புறம் சாப்பிடற தட்டுலயும் அதே புள்ளி."

இரண்டு வருடமாக முகம் தெரியாமல், எழுத்துத் தெரியாமல் இந்த மனுஷன் தினம் நாலு காட்சி படம் ஓட்டியிருக்கிறார். கீழே உட்கார்ந்துகொண்டு, எவளோ ஒருத்தி முகத்தைக் கழற்றப்போவதை நான் முன்கூட்டியே கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து கைதட்டல் மாடிவரை கேட்டது. முதலாளி மூச்சிரைக்க ஏறிவந்து அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒழுங்கான வரிசையில் பார்த்தபோது படம் கொடுத்தவர்களே தூங்கிவிட்டார்களாம். "பெரும்புள்ளி, இனிமே இப்படியே ஓடட்டும்," என்றார். அண்ணன் அவர் தோளுக்கு மேலே பார்த்துத் தலையாட்டினார்.

அவர் இறங்கும்போதே அண்ணி சாப்பாட்டுத் தூக்குடன் ஏறிவந்தார். தினம் அவர் வந்துபோவது சாப்பாட்டுக்காக மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். துடைத்துவைத்த டப்பாக்களைப் பார்த்தார், கைப்பிடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"ஒவ்வொரு படம் வந்து இறங்கினப்பவும் முடிச்சுப் போட்டதே நான்தான்."

"ரெண்டு வருஷமா? ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகத் தோணலையா உங்களுக்கு?"

"டாக்டர்கிட்ட போனா ஊருக்குத் தெரியும். தெரிஞ்சா வேலை போயிடும். இவர் வேலை போனா..." அண்ணி நிறுத்தினார்.

"போனா என்ன?"

"உன் வேலையும் சேர்ந்து போகும்னு சொன்னார். அவ இப்பத்தான் தனியா நிக்கறா, அதைக் கெடுக்க வேண்டாம்னார்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்பாக இருப்பதற்காக ஒருவர் கண்ணைப் பலி கொடுப்பார்களா? படத்தில் மறைத்தால் உட்கார்ந்து அழுதுவிட்டுக் கைதட்டிப் போய்விடலாம். இது கண். அண்ணியைக் கண்டபடி பேசினேன். பேசி முடித்துவிட்டு நேராகக் கீழே போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது.

முதலாளி மீசையைத் தடவினார். "புள்ளி தெரியுதா அவருக்கு?"

"தெரியுது."

"அப்ப நம்பரை நீ படிச்சுக் குடு. கவுண்டர்ல அவர் சம்சாரம் உட்காரட்டும். முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க." இவ்வளவுதான். இந்த ஒரு வரிக்குப் பயந்து இரண்டு வருடம்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியில் அரைமணி நேரம் பார்த்தார். "ஆரம்பத்திலேயே வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம். இடது கண்ல நடுப்பார்வை இனி வராது. வலது கண்ல இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்," என்றார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. இத்தனைக்கும் காலையில்கூட அவரிடம் நான் பேசியிருக்கவில்லை.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இவர் உங்களை நேரா பார்த்தா உங்க முகம் தெரியாது. கொஞ்சம் தள்ளி, வேற எதையாவது பார்த்தாத்தான் ஓரத்துல நீங்க தெரிவீங்க. இந்த மாதிரி இருக்கிறவங்க அதைத் தானாவே பழகிக்குவாங்க. மூஞ்சியைத் திருப்பிக்கறாங்கன்னு வீட்ல சண்டை வரும்," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே பெஞ்சில் மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது கேட்டேன். "அண்ணா, சாப்பிடறப்ப கதவையே பார்த்துட்டிருப்பியே..."

"கதவுல என்ன இருக்கு பார்க்க?" என்றார். "நீ கண்ணாடி போட ஆரம்பிச்சது, முன் நெத்தியில நரைச்சது, எல்லாம் அப்படிப் பார்த்ததுதான். நீ ஸ்டூலைத் திருப்பிப் போட்டப்புறம் எதுவும் தெரியல. என் மேல கோபம் போலன்னு விட்டுட்டேன்."

மறுநாள் மதியம் ஸ்டூலைப் பழையபடி போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் கதவைப் பார்த்தபடி சாப்பிட்டார். "இளைச்சுட்ட பாப்பா," என்று கதவிடம் சொன்னார். அவர் கை கழுவும்வரை நான் முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.