கறிக்குக் கொடுத்த மீன்

என் கணவர் விசைப்படகில் டிரைவர். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியுமுன் கிளம்பினால், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்புவார். வாரக் கடைசியில் கிடைக்கும் பங்குப் பணம்தான் எங்கள் நால்வருக்கும் ஒரே வருமானம். அது போக, தினமும் ஆளுக்குக் கொஞ்சம் கறிக்கு மீன் கொடுப்பார்கள். இவர் பையில் பெரும்பாலும் விளமீன் இருக்கும், இல்லாவிட்டால் ஊளி. ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும் மீனைத் தம் பிள்ளைகளுக்கென்று தூக்கிக்கொண்டு வருவதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

வருடத்தில் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், பங்கும் கிடையாது. அது முடிகிற நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். ஒரு வருடம் வட்டிக்கு வாங்கித்தான் பெரியவளுக்குப் பீஸ் கட்டினோம். வட்டிக்காரர் வாசலில் நின்று போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. இனி யாரிடமும் கடன் வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். முடிவெடுப்பது சுலபம். கேபிளை நிறுத்தினேன், நல்ல புடவையை அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தள்ளினேன். ஒன்றும் பெரிதாக மிஞ்சவில்லை.

ஒரு நாள் காலை மீனை வெட்ட உட்கார்ந்தபோது அடுத்த தெரு பேங்க்காரம்மா எட்டிப் பார்த்து, "இந்த மாதிரி மீனு மார்க்கெட்ல கெடைக்கவே மாட்டேங்கு. எனக்குக் குடுக்கியளா?" என்றார். கழுவி வெட்டிக் கொடுத்துக் காசு வாங்கினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு துண்டை மட்டும் இவருடைய ராச்சாப்பாட்டுக்கு எடுத்துவைப்பேன். பிள்ளைகளுக்கு மலிவாகக் கிடைக்கும் பொடி மீனான சாளையை வாங்கிக் குழம்பு வைப்பேன். சாளை ஒன்றும் மோசமான மீன் இல்லை, சத்து என்று பார்த்தால் அதுதான் மேல். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேனோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அன்று பூசை முடிந்து வந்தால் கோழிக்கறி. அதனால் பிள்ளைகள் மீன் தின்பதை அவர் பார்க்க வழியே இல்லை. தன் துண்டைப் பிட்டுக்கொண்டே தினமும் கேட்பார்.

"ஏளா, பிள்ளைங்க நல்லா தின்னுச்சா?"

"சட்டியே காலி" என்பேன். அந்தப் பதிலிலேயே அவருக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். எனக்கு ஒரே ஒரு பயம்தான், இந்த மனுசனுக்குத் தெரிந்துவிடக் கூடாது. பெரியவளிடம் சொல்லாதே என்றேன், அவள் சொல்லவில்லை. சின்னவனுக்கு நாலு வயது. அவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த தடைக்காலம் வந்தது. அரிசிக்கும் கேஸுக்கும் திண்டாடவில்லை. பீஸ் பணம் முழுசாகத் தனியே இருந்தது. "எப்பிடிளா சமாளிச்ச?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கையில் விளமீனோடு வந்தார். தடை இல்லாத நாட்டுப்படகுக்காரரிடம் விலை கொடுத்து வாங்கியது. மீனைக் காசு கொடுத்து வாங்கியது ஆயுளில் அதுதான் முதல் தடவையாம்.

"பிள்ளைங்க ஒரு மாசமா நல்ல மீன் இல்லாம ஏங்கிப் போயிருக்கும்லா" என்றார்.

வேறு வழியில்லாமல் குழம்பு வைத்தேன். பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே துண்டுகளை எடுத்துப் போட்டார். சின்னவன் தன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன மீனுப்பா? சாளை இம்புட்டுப் பெருசா இருக்குமா?"

பெரியவள் தலையைத் தூக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கும் நாலு வார்த்தை பேச வந்திருக்கும். பிறகு முள்ளை நீக்கி அவனுக்கு ஊட்டினார்.

"வெளமீனுலே. தின்னு."

அதோடு எழுந்துவிட்டார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

"கடனே வாங்கியிருக்கலாம்ளா" என்றார், பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில்.

வட்டியை யார் கட்டுவது, வாசலில் நின்று ஏச்சு வாங்குவது யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நியாயம் என் பக்கம்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். செம்பை வைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தால் அவர் தட்டில் துண்டு தொடாமல் கிடந்தது.

"அம்மா, அதயும் எனக்குத் தாம்மா" என்று சின்னவன் தட்டை நீட்டினான். எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதேன்.