பாடு முடிந்த பிறகும்

என் தொப்பையை ஏரிக்கு நான் செய்யும் சேவை என்று நம்பியிருந்த முட்டாள் நான். பாய் கட்டிய படகு காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தால், மறுபக்க விளிம்பில் கனத்த ஆள் ஒருவன் உட்கார வேண்டும். "அண்ணே, இந்தாண்ட வந்து குந்து" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பதவியைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் கொஞ்சம் சாப்பிட்டேன். என் மனைவியும் நல்ல உடம்புக்காரி. கொழுப்பு என்பது பாரம். பாரம் சும்மா கிடக்கும். அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

மாதவிடாய் நின்று சில வருஷம் கழித்து அவளுக்கு மறுபடி ரத்தம் பட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் உள்சவ்வு தடித்து, செல்கள் கோணத் தொடங்கியிருந்தன. விட்டுவைத்தால் புற்றுநோயாகலாம், கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா.

"வலியே இல்ல, எதுக்கு அறுக்கணும்?" என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

டாக்டரம்மாவிடம் மாட்டியவன் நான். "கொழுப்பு சும்மா இருக்காதுங்க. மாதவிடாய் நின்னதும் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறத கிட்டத்தட்ட நிறுத்திடும். கொழுப்பும் அத உண்டாக்கி கர்ப்பப்பை சவ்வை வளக்கும்; அது நிறுத்தாது. அந்தச் சவ்வை வளரவிடாம புடிச்சு வைக்கிற இன்னொரு ஹார்மோனும் அப்ப இருக்காது. குண்டா இருக்கிற எல்லாருக்கும் வராது, வாய்ப்பு கூடும்."

"எனக்குமா?"

"உங்களுக்குக் கர்ப்பப்பைதான் இல்ல. குடல் இருக்கில்ல? குண்டா இருந்தா அங்கயும் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடும்."

திரும்பும் படகில் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்த ஒரே சட்டத்தை எடுத்தேன். எங்கள் ஊரில் இறால் பிடிக்கப் பாடு உண்டு. இன்றைக்கு யார் முறையோ அவர்கள்தான் வலை கட்டலாம், மற்றவர்கள் கரையில்.

"சினைப்பைக்குப் பாடு முடிஞ்சிபோச்சி. கொழுப்பு முறை இல்லாம தெனம் வல கட்டுது. எடம் கெடுமா, கெடாதா?"

என் பக்கம் திரும்பினாள். "இப்ப எளச்சா சரியாப்பூடுமா?"

"எளைக்கறது நல்லதுதான். ஆனா கெட்டுப்போன எடத்த எடுத்துதான் ஆவணுமாம்."

"உன் வல?"

"அதுவும் தெனம்தான் கட்டுது."

காற்று ஓங்கியது. படகுக்காரன் என்னைப் பார்த்தான். வழக்கம்போல விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, அங்கிருந்தே கத்தினேன்: "அப்ப டாக்டரம்மாகிட்ட இன்னான்னு சொல்லட்டும்?"

"தேதி கேளு."