எந்தக் கால், எவ்வளவு நேரம்

பழுது பார்க்க வந்தவர் இடது காதை வாஷிங் மெஷினின் பக்கவாட்டுத் தகட்டில் ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே டிரம் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வலது கை தரையில் ஊன்றியிருக்கிறது. ஒரு நிமிடம் ஆகிறது, இரண்டு நிமிடம் ஆகிறது. கண்ணைத் திறக்காமலே திடீரென்று கேட்கிறார்: "அக்கா, உங்க பசங்க சின்னதா இருக்கறப்ப, நல்லா நடந்துக்கிட்டே இருந்துட்டு, கால் வலிக்குதுன்னு அப்படியே உக்காந்ததுண்டா?"

மெஷினைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறார் என்று நினைத்த என் மனைவி, "துணி போட்டு ரொம்ப நேரம் கழிச்சுதாங்க சத்தம் வருது" என்றாள். அவர் பொறுமையாகக் கேள்வியை மறுபடி கேட்டார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் காதுக்காரர். மெக்கானிக் என்று யாரும் சொல்வதில்லை. மற்றவர்கள் வந்ததும் வராததுமாகத் திருகாணியைக் கழற்றுவார்கள். இவர் பையைத் திறக்கவே மாட்டார். வாசலில் செருப்பை ஒழுங்காகச் சேர்த்து வைப்பார், எப்படியும் தண்ணீர் கொட்டும் என்று தெரிந்து கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்துவிடுவார், பிறகு நேரே தரையில் உட்கார்ந்து காதை வைத்துவிடுவார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் ஒரு டெஸ்டரும் ஒரு பேனாவும் மடித்த உப்புத்தாளும் எப்போதும் இருக்கும்.

என் மனைவி இரண்டு மாதமாக மெஷினில் லொடக் லொடக் என்று சத்தம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "உனக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லியிருந்தேன். காதுக்காரர் வந்த அன்றும் மெஷின் பரம சாதுவாக ஓடியது. நான் வெற்றிச் சிரிப்போடு நின்றேன். அவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அக்கா சொன்னா சத்தம் இருக்கு சார். நான் வர்றப்ப வரலைன்னா அது என் நேரம். கம்ப்ளெயின்ட் சொல்றவங்க யாரும் சும்மா சொல்றதில்ல. சொல்லத் தெரியாம வேணா சொல்லுவாங்க" என்றார். ஒரு வீட்டில் மெஷின் நடக்கிறது என்று புகார் வந்ததாம். கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இவர் போய்ப் பார்த்தால், சுவரோரம் இருந்த மெஷின் உண்மையாகவே ஓரடி தள்ளி வந்து கதவை மறித்துக்கொண்டு நின்றதாம். "அந்தம்மா சரியாத்தானே சொல்லியிருக்காங்க?" என்று என்னைக் கேட்டார், நானே சிரித்தவன் போல.

அவருடைய மகளுக்கு ஏழு வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுகிறார்கள். ஆறு மாதமாக அவளுக்கு இந்தத் தொந்தரவு. நடந்துகொண்டே இருப்பாள், சட்டென்று உட்கார்ந்துவிடுவாள். அது கடை வாசலோ மாடிப்படியோ, இடம் பார்ப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். பத்து நிமிடம், சில சமயம் அரை மணி. பிறகு எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல ஓடுவாள். வீக்கம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் மேசையிலிருந்து குதித்து இறங்குவாள்.

"ரத்தம் எடுத்தாச்சு, எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஸ்கேனும் பாத்தாச்சு. எல்லாம் நார்மல்ங்கறாங்க. சந்தோஷம்தான் சார். ஆனா நார்மலா இருக்கற புள்ள ஏன் நடுத்தெருவுல உக்காருது?" என்றார்.

அதனால் போகிற வீட்டில் எல்லாம் கேட்பார். கையில் ஒரு நீளமான நோட்டு உண்டு. முன்பக்கத்திலிருந்து மெஷின்களின் புகார்கள். தலைகீழாகத் திருப்பினால் வாண்டின் கால். வாழைப்பழம் கொடுக்கச் சொன்னவர்கள், ஷூவை மாற்றச் சொன்னவர்கள், தண்ணீர் போதவில்லை என்றவர்கள், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றவர்கள், எல்லோரையும் எழுதி வைத்திருந்தார். எதிர்வீட்டுப் பல் மருத்துவரையும் விடவில்லை. "நான் பல்லுதாம்ப்பா பாக்கறேன்" என்று அவர் நழுவியபோது, "இருக்கட்டும் சார், அதுவும் எலும்பு மாதிரிதானே" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார். மேல்மாடி வங்கி அதிகாரி கல்யாணமே ஆகாதவர். தனக்குக் குழந்தை கிடையாது என்று கையை விரித்தார். "நீங்க குழந்தையா இருந்திருப்பீங்கல்ல சார்?" என்று கேட்டிருக்கிறார் காதுக்காரர். அந்த மனிதர் யோசித்து, தனக்கும் எட்டு வயதில் முட்டி வலித்ததாக ஞாபகம் என்று சொல்லி அனுப்பினாராம்.

என்னிடமும் கேட்டார். யோசனை சொல்வதென்றால் எனக்குச் சர்க்கரை சாப்பிடுவது போல. "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும். நீங்க கவனிக்கக் கவனிக்க ஜாஸ்தியாகும். கண்டுக்காம விடுங்க" என்றேன். 'கண்டுக்காம விடணும், மூணாவது மாடி சார்' என்று குனிந்து எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது முறை வந்தார். அன்றும் மெஷின் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் முகம் பளிச்சென்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "விட்டுடுச்சு சார். ரெண்டு வாரமா வலிங்கற பேச்சே இல்ல. நீங்க சொன்னதுதான் சரி" என்றார். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வேலை இல்லாவிட்டாலும் குழாய் முனையைக் கழற்றித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டிவிட்டுப் போனார்.

போன சனிக்கிழமை மூன்றாவது முறை வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மனைவியிடம் பழைய போர்வை இரண்டு வாங்கி நனைத்து மெஷினில் போட்டு, "சத்தம் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன் அக்கா, எவ்வளவு நேரமானாலும் சரி" என்றார். தேநீர் கொடுத்தோம். ஆடை படிந்து ஆறியது. நான் சும்மா இருக்கமாட்டாமல், "வாண்டு எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

மெஷினின் கதவுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் வீட்டுக்கு முதல் தடவை வந்துபோன பிறகு, மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டாராம். எட்டு மாதத்தில் ஒரு பையன் இருக்கிறான். அப்படியானால் இது அம்மா அப்பா தன்னைப் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செய்வதுதான் என்று சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலம் பூங்காவில் ஊஞ்சலைக் கண்டதும் வாண்டு ஓடிய ஓட்டத்தை இவர் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை, ஒரு காலில் சாக்ஸ் மாட்டியபடி அவள் வலிக்கிறது என்றாள்.

"எனக்கு என்ன வந்துச்சோ தெரியல சார். 'நடிக்காத, எழுந்திரு'ன்னுட்டேன். எழுந்துட்டா. ஒரு வார்த்தை பேசாம இன்னொரு சாக்ஸையும் போட்டுக்கிட்டுப் போயிட்டா. அன்னையிலருந்து வலின்னு வாயே திறக்கல. நாங்க ரெண்டு பேரும் அப்பாடான்னு இருந்தோம்."

அவர் வீட்டு வாஷிங் மெஷின் மூன்று மாதமாகப் பால்கனியில் பாகம் பாகமாகக் கிடக்கிறது. மெக்கானிக் வீட்டு மெஷின் என்றைக்கு ஓடியிருக்கிறது? அதனால் அவர் மனைவி கையால்தான் துவைக்கிறார். பள்ளிக்கூடச் சட்டையின் காலரைத் தேய்க்கும்போது இடது நுனி பிய்ந்து நூல் தொங்கியிருக்கிறது. அடுத்த சட்டையை எடுத்தால் அதிலும் அதே இடம். மூன்றாவதிலும் அதே இடம். வாண்டைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "வலிக்கறப்ப கடிச்சுக்குவேம்மா. அப்ப அழுகை வராது. அப்பாகிட்ட சொல்லிடாத" என்றாளாம்.

அந்த நோட்டில் என் வாக்கியமும் இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். "உங்க மேல என்ன சார் தப்பு? நீங்க என் புள்ளையப் பாத்தீங்களா என்ன? நான் பாத்தேன்ல. ஊர்ல இருக்கற மெஷினை எல்லாம் நம்பினேன், அவளை நம்பல" என்றார். பிறகு போர்வை ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டதா என்று கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார்.

இப்போது வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டுகிறார்கள். அவர் அரை மணி நேரம் வாண்டை மட்டும் பேசவிட்டுக் கேட்டிருக்கிறார். பயப்படும்படியாக ஒன்றும் தெரியவில்லை, காரணமும் தெரியவில்லை, ஆனால் வலி நிஜம் என்று சொல்லியிருக்கிறார். மாதம் ஒரு தடவை வரவேண்டும். வலிக்கும்போதெல்லாம் எந்தக் கால், எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுதிவைக்க வேண்டும். நோட்டைத் திருப்பிக் காட்டினார். யோசனைகளை எல்லாம் பெரிய கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் கட்டம் போட்டிருந்தார். ஒன்பது வரி நிரம்பியிருந்தது. ஒன்பதும் அவர் மனைவியின் கையெழுத்து.

"அவங்கம்மாகிட்ட இப்ப சொல்றா சார். என்கிட்ட சொல்ல மாட்டேங்கறா. மன்னிப்புக்கூடக் கேட்டேன். 'பரவால்லப்பா'ன்னுட்டா, பெரிய மனுஷி மாதிரி. தினம் வீட்டுக்குப் போனதும் கேக்கறேன். 'நல்லா இருக்கேம்ப்பா'ங்கறா. காலரைத் தொட்டுப் பாத்தா ஈரமா இருக்கு."

மனைவி வந்து ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு சூடாக வேறு வைத்துவிட்டுப் போனாள்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மெஷின் லொடக் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு லொடக். என் இரண்டு காதாலும் கேட்டேன். சமையலறை வாசலிலிருந்து மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. காதுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்களை அசையாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தகட்டின்மேல் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே, "வந்துட்டியா? வா வா. எங்க இருக்க நீ, சொல்லு" என்று அதனோடு பேச ஆரம்பித்துவிட்டார். லொடக் லொடக் என்று சத்தம் வலுத்தது. இத்தனை நாள் போக்குக் காட்டியது அவர் விரலுக்கு அடியில் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவருடைய கைபேசி அடித்தது. மனைவியின் எண். ஒரு கை தகட்டிலேயே இருந்ததால் தரையில் வைத்தபடியே விரல் முட்டியால் ஸ்பீக்கரைத் தட்டினார். கண் மெஷினை விட்டு நகரவில்லை.

"என்னம்மா, வேலையா இருக்கேன்."

"அப்பா, நான்தான்" என்றது ஒரு சின்னக் குரல். "அம்மா தம்பியத் தூங்க வைக்கறாங்க. நானே போன் பண்ணினேன்."

"சரிடா. என்ன வேணும்?"

மெஷின் இன்னும் இரண்டு தடவை லொடக் என்றது. பிறகு, "அப்பா, எனக்கு கால்..." என்றாள். மீதியை மெஷின் விழுங்கிவிட்டது.

அவர் எக்கி, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். டிரம் தயங்கித் தயங்கிச் சுற்றி நின்றது. சத்தமும் போயிற்று. ஈரத் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, கைபேசியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, "இப்ப சொல்லு கண்ணு" என்றார்.