முதுகுக்குப் பின்னால் நின்றவர்

தையல் கூடத்து சூப்பர்வைசரைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட வாசலை எட்டிப் பார்த்ததோடு சரி. பிசிறு நூல் வெட்டும் வேலையில் சேர்ந்து, கூடம் முழுக்கத் தன் சொல்லுக்கு ஓடும்படி உயர்ந்தவர். கையூன்றிக் கரணம் போட்டு மேலே வந்தவனின் அருமை அப்படி வந்தவனுக்குத்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு வாரமாக ஒரு வாய்ச் சோறு உள்ளே இறங்கவில்லை. தொழிலாளர் நலனை ஆராய வந்த டாக்டரம்மா, தைக்கும் பெண்களின் கையில் நாடித்துடிப்பை அளக்கும் பட்டையைக் கட்டிவிட்டிருந்தார். இவருடைய பூட்ஸ் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டாலே துடிப்பு எகிறுகிறதாம். அது இறங்காவிட்டால் இவரைக் கிடங்குக்குத் தள்ளிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"பூட்ஸ்தானே பிரச்சனை? அதைத் தூக்கிக் கடாசிட்டா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அப்படியே மூஞ்சியையும் கழட்டி வெச்சிட்டுப் போங்க" என்றாள் அவள்.

மறுநாள் ரப்பர் செருப்பில் பூனை மாதிரி நடந்தார். கூடம் கப்சிப். அப்பாடா என்றிருந்தது. சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"என்ன சார் பண்ணீங்க? முன்னாடி நீங்க வர்றப்ப மட்டும்தான் ஏறுச்சு. இன்னைக்குக் காலையிலேருந்து இறங்கவே இல்ல!"

நேரே கூடத்துக்குப் போய், அங்கேயே வேலை பார்க்கும், காலர் தைத்துக்கொண்டிருந்த தன் கொழுந்தியாளிடம் நின்றார்.

"ஏம்மா, சத்தமில்லாமத்தானே வந்தேன்? இன்னும் என்ன பயம்?"

"அட போங்க மாமா! பூட்ஸ் போட்டா எந்தப் பக்கம் வர்றீங்கன்னு தெரியும். தாண்டிப் போனதும் மூச்சு விடுவோம். இன்னைக்கு ஊசியைப் பாக்கறதா, முதுகைப் பாக்கறதா?"

"அப்ப நான் எங்கதான் நிக்கறது?"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"கண்ணுக்கு முன்னாடி நில்லுங்க. தப்புன்னா மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் கொழுந்தியாள்.

முன்னால் போய் நின்றார். இத்தனை வருஷமும் முதுகுகளையே மேய்த்தவருக்கு, அத்தனை கண்களும் ஒன்றாக நிமிர்ந்ததும் எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

"யாருக்காவது... ஏதாவது சொல்லணுமா?"

கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. பிறகு இன்னொன்று. அன்று கேட்டதையெல்லாம் அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

பட்டைகளில் துடிப்பு இறங்கியது; கிடங்குக்கு அவர் போகவில்லை. ஆனால் காலையில் அந்த முகங்களுக்கு முன்னால் போய் நிற்கும்போது, இன்றைக்கும் அவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது.